பையப் போங்க, சாமி

(பாஸ்கா காலத்தின் 3-ஆம் ஞாயிறு மறையுரை. நற்செய்தி: லூக்கா 24:13-35)



எருசலேமிலிருந்து எம்மாவு ஏறத்தாழ 11 கிலோமீட்டர் என்று இன்றைய நற்செய்தியில் கேட்டோம். நம்ம ஊர்க் கணக்கில் பனிமய மாதா பேராலய வாசலிலிருந்து முள்ளக்காடு வரைக்குமான தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடந்து போனால் இரண்டரை மணி நேரமாவது பிடிக்கும். அவ்வளவு நேரமும் உயிர்த்த ஆண்டவர் மனம் உடைந்துபோன இரண்டு பேரோடு நடந்தார். அவர்கள் போனதோ எருசலேமை விட்டு விலகிப் போகிற திசை. அவர் அவர்களைத் தடுத்துத் திருப்பவில்லை. அவர்கள் போகிற பக்கமே, அவர்கள் கால் போகிற வேகத்திலேயே நடந்தார். பூட்டிய கதவுக்குள் வந்து நிற்க முடிந்தவர் அவர். கண்மூடித் திறப்பதற்குள் எம்மாவில் போய் நின்றிருக்கலாம். ஆனாலும் கூடவே நடந்தார்.

இந்த வாசகத்தை எத்தனையோ வருடங்களாக வாசித்திருக்கிறேன், மறையுரையும் வைத்திருக்கிறேன். இந்த வேகத்தைப் பற்றி நான் யோசித்தது கடந்த வியாழக்கிழமை காலையில்தான்.

உங்களில் பலருக்குத் தெரியும், நம் பங்கிலிருந்து பத்துப் பேர் சைக்கிளில் மணப்பாடு போய் வந்தோம். ஏறக்குறைய 60 கிலோமீட்டர். போக இரண்டு நாள், வர ஒரு நாள். இளையோர் முதலில் கேட்டது வேளாங்கண்ணிக்கு வேன். நான்தான் சைக்கிள் என்றேன். புதிதாக ஒன்றும் வாங்கவில்லை. பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிள்கள் நான்கு, மீன் கூடை கட்டுகிற கேரியர் வைத்த பழைய சைக்கிள் ஒன்று, மற்றவை இரவல். நம் உபதேசியாரும் வந்தார். அவருக்கு வயது அறுபத்திரண்டு. அவரை முன்னால் விட்டுவிட்டு மற்ற எல்லாரும் அவருக்குப் பின்னால் வர வேண்டும் என்பது மட்டும்தான் எங்கள் சட்டம்.

இந்தச் சட்டத்தை நான் எடுத்தது தொடக்கநூல் 33-ஆம் அதிகாரத்திலிருந்து. பல வருடம் பிரிந்திருந்த அண்ணன் ஏசா, வா, சேர்ந்தே போவோம் என்று யாக்கோபைக் கூப்பிடுகிறார். யாக்கோபு, நீங்கள் முன்னே போங்கள், என்னோடு சின்னப் பிள்ளைகளும் பால் கொடுக்கிற ஆடுமாடுகளும் இருக்கின்றன, ஒரு நாள் விரட்டி ஓட்டினாலும் மந்தை செத்துப்போகும், அவை நடக்கிற நடைக்கு நான் பைய வருகிறேன் என்கிறார். நம்ம பக்கத்துப் பேச்சில் 'பைய' என்கிறோமே, அந்தச் சொல்லுக்குத் திருவிவிலியத்தில் இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. குடும்பத்தில் யார் பின்தங்குகிறாரோ அவருடைய நடைதான் எல்லாருக்கும் நடை. வேகமாகப் போகிறவர் முன்னால் போனால் பின்னால் யார் விழுந்தார் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

வியாழக்கிழமை காலை நான்கரைக்குத் திருப்பலி முடித்துக் கிளம்பினோம். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய மறுநாள். ஜூன் 14 வரைக்கும் 61 நாள், விசைப்படகுகள் எல்லாம் கரையோடு கிடக்கின்றன. முத்தையாபுரம் தாண்டினதும் இரண்டு பக்கமும் உப்பளம். கிழக்கு வெளுக்கிற நேரத்தில் பாத்திகளில் வானம் தெரிகிறது. கரையோரம் உப்பு அம்பாரம் அம்பாரமாகக் குவிந்திருக்கிறது. வெயில் ஏறினால் கண் கூசும், பாதம் வெந்துபோகும் என்பதால் இருட்டோடு இருட்டாக வந்து வேலை செய்கிறார்கள் நம் மக்கள். அந்தச் சாலையில் மூன்று வருடமாக நான் காரில் போய் வருகிறேன். உப்பளத்தைப் பார்த்திருக்கிறேன். அதில் நிற்கிறவர்களின் முகத்தைப் பார்த்ததில்லை.

"சாமி, கொஞ்சம் நில்லுங்க."

பாத்திக் கரையிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். இடுப்பு வரை சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, தலையில் துண்டு. நான் காலை ஊன்றி நின்றேன். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"மூணு வருசமா உங்க காரு போறதப் பாக்கேன் சாமி. கண்ணாடி ஏத்தியிருக்கும். கூப்புட்டா கேக்கவா போவுது? இன்னைக்கு சைக்கிள்ல பைய வாரீய, அதான் கூப்புட்டேன். வீட்டுல அவுகளுக்கு நடமாட்டம் இல்ல. நன்மை வாங்கி ரெண்டு வருசமாச்சு."

அவர்கள் வீடு சாலையிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே. உப்பளக் கரை வழியாகத்தான் போக வேண்டும், கார் போகாது. நம் பங்கின் எல்லைக்குள்தான் அந்த வீடு இருக்கிறது. என் பதிவேட்டில் அந்தக் குடும்பத்தின் பெயர் இருக்கிறது. திருவிழா வரி கொடுத்த ரசீதும் இருக்கிறது. இரண்டு வருடமாக ஒரு மனிதர் கட்டிலில் படுத்துக்கொண்டு ஆண்டவருக்காகக் காத்திருந்திருக்கிறார், நான் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அந்த வழியாகவே போய் வந்திருக்கிறேன். இந்தப் பீடத்தில் நின்று உங்கள் முன்னால் இதை அறிக்கையிடுகிறேன். அன்றைக்குக் கையில் நற்கருணை இல்லை. வீட்டுக்குப் போய் அவர் கட்டில் அருகே உட்கார்ந்து, சனிக்கிழமை திரும்பும்போது கட்டாயம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

திருத்தூதர் பணிகள் 8-ஆம் அதிகாரத்தில் பிலிப்புவுக்கு நடந்ததை அன்று முழுவதும் நினைத்துக்கொண்டே மிதித்தேன். எத்தியோப்பிய அரசியின் நிதியமைச்சர் தேரில் உட்கார்ந்து எசாயாவின் நூலை வாசித்துக்கொண்டு போகிறார். அந்தத் தேரை நெருங்கிப் போ என்கிறார் தூய ஆவியார். பிலிப்பு ஓடுகிறார். ஓடிப் பக்கத்தில் போனதும் வாசிக்கிற சத்தம் அவர் காதில் விழுகிறது. அந்தத் தேர் ஒரு மனிதன் ஓடித் தொடக்கூடிய வேகத்தில் போயிருக்கிறது. அதனால்தான் வாசிப்பு காதில் விழுந்தது, கேள்வி கேட்க முடிந்தது, தேரில் ஏறி உட்கார முடிந்தது, வழியில் தண்ணீரைக் கண்டதும் இறங்கித் திருமுழுக்குக் கொடுக்கவும் முடிந்தது. அந்தத் தேர் இன்னும் கொஞ்சம் விரைந்திருந்தால் பிலிப்புவின் கையில் புழுதிதான் மிஞ்சியிருக்கும்.

முக்காணி தாண்டி ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்காலின் குளிர்ச்சி முகத்தில் பட்டது. கார் கண்ணாடிக்குள் அந்த வாசம் வராது. அங்கிருந்து புன்னைக்காயல். தாமிரபரணி கடலோடு சேருகிற இடம். நம் பிள்ளைகளுக்கு அங்கே ஒரு விஷயம் காட்டினேன். ஒரு காலத்தில் பாண்டியரின் முத்துத் துறைமுகம் கொற்கை. ஆறு கொண்டுவந்த வண்டல் சேரச் சேரக் கடல் பின்வாங்கியது. துறைமுகம் பழையகாயலுக்கு வந்தது. மார்க்கோ போலோ எழுதிய காயல் அதுதான் என்று சொன்னவர் கால்டுவெல். அங்கேயும் மண் மேடிட்டது, பிறகு புன்னைக்காயல். கொற்கை இன்று வயலுக்கு நடுவே கடலைப் பார்க்காமல் இருக்கிறது. ஒரே காலையில், பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள், பல நூறு வருடம் மண் நகர்ந்த வழியை மிதித்துக் கடந்தோம். ஆறும் பையத்தான் போயிருக்கிறது.

புன்னைக்காயலில்தான் அண்டிரிக் அடிகளார் இறந்தார், 1600-இல். போர்ச்சுக்கலில் பிறந்து, 1540-களில் இந்தக் கரைக்கு வந்து, அரை நூற்றாண்டுக்கு மேல் நம் மக்களோடேயே இருந்தவர். முன்னோரிடம் உட்கார்ந்து உட்கார்ந்து தமிழ் கற்றார். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவருடைய உழைப்பு. தமிழ் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் புத்தகம் அது. 1586-இல் புன்னைக்காயலிலேயே 'அடியார் வரலாறு' அச்சானது. ஐம்பது வருடம் ஒரே கடற்கரையில் ஒருவர் தங்கியதால்தான் இவை கிடைத்தன. நாம் ஐந்து நிமிடம் ஒரு வீட்டு வாசலில் தங்குவதில்லை. அன்றிரவு அந்த ஊர் மக்கள் கொடுத்த மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டு மணலில் படுத்தோம். உபதேசியார் தூங்கும் முன் செபமாலை சொன்னார். பாதியிலேயே பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். அதில் ஆண்டவருக்கு வருத்தம் இருந்திருக்காது.

மறுநாள் காயல்பட்டினத்துக்கு முன்னால் ஒரு பையனின் டயர் இறங்கிவிட்டது. உடைமரத்து முள். சைக்கிள் கடைகள் அருகிவிட்ட காலம் இது. விசாரித்துத் தேடிப்போய் ஒரு பெரியவர் கடையில் நின்றோம். தொப்பி போட்ட, எழுபது வயது இருக்கக்கூடிய பாய். ட்யூபைத் தண்ணீர்ச் சட்டியில் முக்கினார், குமிழி வந்த இடத்தை ஆணியால் குறித்துக்கொண்டார். பையன் ஒட்டுப் போடச் சொல்லி அவசரப்பட்டான். அவர் டயரின் உள்பக்கம் முழுக்க விரலால் தடவிக்கொண்டே வந்தார். "ஓட்டைய அடைச்சா போதுமா தம்பி? முள்ளு உள்ளதான் இருக்கு. அத எடுக்காம ஒட்டுப் போட்டா அடுத்த தெருவுலயே போயிரும்" என்றார். எடுத்துக் காட்டினார், ஒன்றல்ல, இரண்டு முள். ஒப்புரவு அருட்சாதனத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்கு நான் எத்தனையோ வகுப்பு எடுத்திருக்கிறேன். அந்த முஸ்லிம் பெரியவரின் விரல் சொல்லிக் கொடுத்த அளவுக்கு நான் சொல்லிக் கொடுத்ததில்லை. உங்களில் பலர் வருடத்துக்கு ஒருமுறை தவக்காலத்தில் வந்து ஓட்டையை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். முள்ளைத் தேடிவிட்டு வாருங்கள். நேரமாகட்டும், நான் காத்திருக்கிறேன்.

வீரபாண்டியன்பட்டினம், திருச்செந்தூர், ஆலந்தலை என்று கடலை விட்டு விலகாமல் போனோம். திருச்செந்தூருக்கு மாலை போட்டுக்கொண்டு எத்தனை இந்துச் சகோதரர்கள் வருடாவருடம் இந்தச் சாலையில் நடக்கிறார்கள், வெறுங்காலோடு! அவர்கள் நடையை நாம் மரியாதையோடு பார்க்க வேண்டும். அதற்கப்புறம் சிவந்த தேரி மணலும் பனங்காடும். உடன்குடிப் பக்கம் பதநீர் காலம் இது. ஒரு பனையேறி ஓலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்தார். பட்டையை இரண்டு கையாலும் ஏந்தித்தான் குடிக்க முடியும். அதைக் கையில் வைத்துக்கொண்டு வேறு வேலை பார்க்க முடியாது. பத்துப் பேரும் நின்று குடித்தோம்.

நம்ம கரையில் சைக்கிள் மிதிப்பவருக்கு மலை கிடையாது. வேம்பாரிலிருந்து பெரியதாழை வரைக்கும் தட்டையான நிலம். ஆனால் காற்று இருக்கிறது, அதுதான் நமக்கு மலை. கச்சானும் வாடையும் கொண்டலும் கடலுக்குப் போகிற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மதியத்துக்கு மேல் கடல்காற்று எதிரே வந்தது. பத்தடி மிதித்தால் ஐந்தடி போகிறது. குலசேகரன்பட்டினம் வரும்போது பிள்ளைகள் சோர்ந்துவிட்டார்கள். அங்கே புனித சவேரியாரின் கதையைச் சொன்னேன்.

1542-இல் அவர் இந்தக் கரைக்கு வந்தார். கையில் மணி, நெஞ்சுக்குள் மனப்பாடமாகக் கொஞ்சம் தமிழ்ச் செபங்கள். ஊர் ஊராக நடந்தார். மணியடித்துத் தெருவில் போனால் சிறுபிள்ளைகள் ஓடி வந்தன. அந்தப் பிள்ளைகளையே நோயாளிகள் வீட்டுக்கு அனுப்பிச் செபிக்கச் செய்தார். திருமுழுக்குக் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோயிற்று என்று கடிதம் எழுதினார். 1544-இல் வடுகப் படை வந்து நம் முன்னோரைக் கொள்ளையடித்தபோது, பிழைத்தவர்கள் கன்னியாகுமரிப் பக்கம் பாறைகளில் ஒதுங்கிப் பசியும் தாகமுமாகக் கிடந்தார்கள். சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் உணவு ஏற்றிக்கொண்டு கிளம்பினார். காற்று எதிர்த்து அடித்தது. துடுப்புப் போட்டும் முடியவில்லை, கரையிலிருந்து இழுத்தும் முடியவில்லை. தோணிகள் திரும்ப வேண்டியதாயிற்று. பிறகு அவர் நடந்தார், அந்த மணலில், அந்த வெயிலில், கன்னியாகுமரி வரைக்கும். காற்று தோணியைத்தான் தடுத்தது.

கதை முடிந்ததும் பிள்ளைகள் ஒன்றும் பேசவில்லை. உபதேசியார் எழுந்து சைக்கிளை எடுத்தார், எல்லாரும் பின்னால் போனோம். கருமேனியாற்று முகத்துவாரத்தைத் தாண்டி, மணல் குன்றின்மேல் மணப்பாடு திருச்சிலுவை ஆலயம் தெரிந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சவேரியார் தங்கிய குகையில் இறங்கினோம். வெளியே அலைச் சத்தம். அங்கே அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்தோம். செல்போனை யாரும் எடுக்கவில்லை.

சைக்கிளுக்கும் ஆன்மீகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார், மகளை அனுப்பத் தயங்கி. நியாயமான கேள்வி. இத்தாலியில் கோமோ ஏரிக்கு மேலே மலையில் கிசாலோ மாதா சிற்றாலயம் இருக்கிறது. 1949-இல் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் அந்த மாதாவைச் சைக்கிள் ஓட்டுபவர்களின் பாதுகாவலியாக அறிவித்தார். கடலோடிகளுக்கு நம் பனிமய மாதா எப்படியோ, அப்படி அவர்களுக்கு அந்த அம்மா. அதே நாட்டில் ஜீனோ பார்த்தலி என்று ஒருவர், பக்தியுள்ள கத்தோலிக்கர், 1938-இலும் 1948-இலும் பிரான்சின் பெரிய சைக்கிள் பந்தயத்தில் வென்றவர். உலகப் போர்க் காலத்தில், பந்தயப் பயிற்சி என்று சொல்லிக்கொண்டு, சைக்கிளின் இரும்புக் குழாய்க்குள் போலி அடையாளத் தாள்களைச் சுருட்டி வைத்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கொண்டுபோய்க் கொடுத்தார். யூதக் குடும்பங்கள் அதனால் உயிர் பிழைத்தன. பிடிபட்டிருந்தால் அவர் உயிர் போயிருக்கும். உயிரோடிருந்தவரை அதைப் பற்றி அவர் பெருமை பேசிக்கொள்ளவில்லை. 2013-இல், அவர் இறந்து பதின்மூன்று வருடம் கழித்து, இஸ்ரயேலின் யாத் வாஷெம் நினைவகம் அவரைக் கௌரவித்தது. பந்தயத்தில் எவ்வளவு வேகமாகப் போனவர்! ஆனால் யார் வீட்டு வாசலில் நிறுத்த வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்தத் தாய்க்கு இன்னொன்றும் சொன்னேன். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு, பிள்ளையை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு, யார் துணைக்கும் காத்திராமல் போனார்கள். உங்கள் மகளுக்கு அரசு கொடுத்த சைக்கிள் வீட்டுத் திண்ணையில் துருப்பிடிக்கிறது, விடுங்கள் என்றேன். விட்டார். மூன்று நாளும் ஒருமுறைகூட அந்தப் பிள்ளை பின்தங்கவில்லை.

இங்கே நிறுத்தி, துறைமுகத்துக்கு டிரெய்லரும் கண்டெய்னர் லாரியும் ஓட்டுகிற சகோதரர்களிடம் ஒரு வார்த்தை. உங்களில் பத்துப் பன்னிரண்டு பேர் இந்தக் கோயிலில் இப்போது உட்கார்ந்திருக்கிறீர்கள். வண்டி எங்களைக் கடக்கும்போது காற்று உள்ளே இழுக்கிறது. என் கை நடுங்கியது. உங்களுக்கு லோடு, நேரம், முதலாளி எல்லாம் இருக்கிறது, தெரியும். விடிகாலையில் சாலையோரம் சைக்கிளில் போகிறவர்களில் பாதிப்பேர் உப்பளத்துக்கும் மீன் ஏலக் கூடத்துக்கும் வேலைக்குப் போகிற நம் வீட்டு ஆட்கள். அவர்களைக் கடக்கும்போது ஒரு ஆள் படுக்கும் அகலம் விட்டு ஓட்டுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

மறுபடி எம்மாவுக்கு வருகிறேன். ஊர் நெருங்கியதும் ஆண்டவர் இன்னும் அப்பால் போகிறவரைப் போல் காட்டிக்கொண்டார் என்கிறார் லூக்கா. அவர்கள் வற்புறுத்தி, பொழுது போயிற்று, எங்களோடு தங்கும் என்றார்கள். அவர் தங்கினார். கூப்பிட்டால் நிற்கக்கூடியவராக அவர் நடந்திருக்கிறார். எரிகோவில் பர்த்திமேயு கத்தியபோதும் அவர் நின்றார். அந்த அளவுக்குப் பையப் போகிற கடவுள் நம் கடவுள். அப்பம் பிட்டபோது இவர்கள் கண் திறந்தது. ஆனால் அந்த அப்பத்துக்கு முன்னால் இரண்டரை மணி நேர நடை இருந்தது.

சனிக்கிழமை காற்று முதுகில் தள்ளிக்கொண்டுவர, பொழுது சாய்வதற்குள் ஊர் திரும்பினோம். நான் கோயிலுக்கு வந்து, பேழையைத் திறந்து, நற்கருணையை எடுத்துக்கொண்டு மறுபடி சைக்கிளில் ஏறினேன். உப்பளக் கரையில் இருட்டிவிட்டது. உபதேசியார் டார்ச் காட்டிக்கொண்டு முன்னால் போனார். அந்த அம்மா வாசல் தெளித்து, சின்ன மேசையில் வெள்ளைத் துணி விரித்து, இரண்டு மெழுகுதிரி ஏற்றி வைத்திருந்தார். நான் சொன்ன வார்த்தையை நம்பி வியாழக்கிழமையே துணியைத் துவைத்து மடித்து வைத்தாராம். அவர் கணவர் நன்மை வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பிறகு, பக்கத்து வரிசையில் இன்னும் மூன்று வீட்டில் இப்படி ஆட்கள் கிடக்கிறார்கள் என்று சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை காலை நான்கரை மணிக்குக் கோயில் வாசலில் சைக்கிளோடு நிற்பேன். அந்த மூன்று வீட்டுக்கும் நற்கருணை கொண்டு போகிறோம். வரக்கூடியவர்கள் வாருங்கள். சைக்கிள் இல்லாதவர்கள் உபதேசியாரிடம் சொல்லுங்கள், மூன்று சைக்கிள் மிச்சம் இருக்கிறது.